சங்கீத அறைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நமது பெண்கள் பாடசாலையின் சங்கீத அறை, அதன் களஞ்சியம், வாத்தியங்கள் ஆகியவற்றின் திருத்த வேலைகள் நிறைவுற்று, அறைத் திறப்பு (சாவி) அதிபரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. கோயிலுக்குரிய ‘திருப்பணி’ என்ற சொல்லைப் பாடசாலை வேலைக்குப் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். பொதுக்கூட்டத் தீர்மானத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. சரஸ்வதி குடியிருக்கும் அறை என்பதால் குழுவும் அதை மாற்றவில்லை. வரவு செலவுக் கணக்கு பொருளாளரின் தனித்தாளில் இருக்கிறது. இந்த அறிக்கை வேலையைப் பற்றியது மட்டும்.

புதிய வீணைகள் வாங்கினோமா என்று உறுப்பினர்கள் அதிகம் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். புதிய வீணை ஒன்றுகூட வாங்கவில்லை. நன்கொடையாளர் பெயர் பொறித்த வீணைகள் வரிசையாக நிற்பது பார்வைக்கு அழகுதான். ஆனால் வேலை தொடங்கியபோது களஞ்சியத்தில் 7 வீணைகள் ஏற்கெனவே இருந்தன, அவற்றில் ஒன்றையும் வாசிக்க முடியாது. அவற்றைக் கெடுத்த தகரக் கூரையையும் பூட்டிய கதவையும் அப்படியே விட்டு எட்டாவதை வாங்கினால், சில ஆண்டுகளில் அதுவும் அந்த வரிசையில் சேரும். பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தவை வாசிக்கக்கூடிய நிலையில் ஒரு வாத்தியம், அவர்கள் குரலுக்கேற்ற சுருதி, கதவு திறந்திருக்கும் ஓர் அரைமணி நேரம். காசு அந்த மூன்றுக்கும்தான் போனது.

அறை

அறையின் அளவு 9 மீற்றருக்கு 6 மீற்றர். தரம் 11 வகுப்பறையைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எழும்பாமல் 45 சென்ரிமீற்றர் குறைவாக நின்றது. காற்றோட்டத்துக்காக அந்தக் காலத்தில் அப்படிக் கட்டுவார்கள். இங்கே சரளி வரிசை (தொடக்கப் பயிற்சி) பாடினால் அங்கே கணித பாடம் நிற்கும். அதனால் பரீட்சைக் காலங்களில் சங்கீத வகுப்பே நடக்காது. 10 சென்ரிமீற்றர் சீமெந்துக் கல்லால் அந்த இடைவெளியைக் கூரைவரை அடைத்து இருபுறமும் பூசினோம். கதவின் கீழிருந்த 2 சென்ரிமீற்றர் வெளிக்கு இறப்பர் பட்டி அடித்தோம். மேசன் வேலை நான்கு நாளில் முடிந்தது. அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது.

ஒலி வெளியே போவது நின்றதும் அது உள்ளேயே சுழன்றது. தகரத்தின் கீழே 3.6 மீற்றர் உயரத்தில் 6 மில்லிமீற்றர் சீமெந்து நார்ப் பலகையால் சீலிங் அடித்து, அதன் மேல் 50 மில்லிமீற்றர் பாறைப் பஞ்சு (ரொக்வூல்) பரப்பினோம். மாரி மழை தகரத்தில் விழும் இரைச்சல் பெருமளவு குறைந்தது. மழை பெய்யும்போதும் இப்போது வகுப்பு நடக்கிறது. ஆனால் பூசிய சுவர், சீமெந்துத் தரை, பலகை சீலிங் எல்லாமே ஒலியைத் திருப்பி எறிபவை. கைதட்டினால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே படபடவென்று எதிரொலி ஓடியது. ஒரு சுரம் அடங்கும் முன் அடுத்தது அதன் மேல் ஏறும் அறையில் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடும் முறை) கற்பிக்க முடியாது. பிள்ளை எங்கே பிசகினாள் என்பது ஆசிரியைக்கும் கேட்காது, அவளுக்கும் கேட்காது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ஒலி அடங்க எடுக்கும் நேரம் நொடியில் கிடைக்கும். நமது அறை 194 கன மீற்றர், ஆகவே மேலே நிற்கும் எண் ஏறத்தாழ 31. வெறும் அறையின் 216 சதுர மீற்றர் மேற்பரப்பு உறிஞ்சுவது 11 சதுர மீற்றருக்குச் சமம். விடை கிட்டத்தட்ட 3 நொடி. 30 மாணவிகள் வந்து உட்கார்ந்தால் அவர்களே இன்னொரு 12ஐச் சேர்ப்பார்கள், நேரம் 1.4 நொடியாகும். பாட்டு வகுப்புக்கு 0.8, 0.9 போதும். ஆகவே மேலும் 14 சதுர மீற்றருக்குச் சமமான உறிஞ்சல் தேவை. நல்ல பஞ்சுத் தட்டி தன் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தை உறிஞ்சும் என்று வைத்தால் 20 சதுர மீற்றர் தட்டி வேண்டும்.

அப்படி வந்தவைதான் உறுப்பினர்கள் சுவரில் பார்க்கும் 28 தட்டிகள். ஒவ்வொன்றும் 1.2 மீற்றர் உயரம், 60 சென்ரிமீற்றர் அகலம். மரச் சட்டம், உள்ளே 50 மில்லிமீற்றர் பாறைப் பஞ்சு, மேலே நெருங்கிய நெசவுள்ள பருத்தித் துணி. பஞ்சு வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். நார் தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும். பின்சுவரில் 10, நீளச் சுவர்களில் ஏழு ஏழாக 14, ஆசிரியையின் பின்னால் 4. நீளச் சுவர்களில் தட்டிக்கு எதிரே தட்டி வராமல் வெறுஞ்சுவர் வரும்படி மாற்றி மாற்றி வைத்தோம். படபட எதிரொலியை நிறுத்தியது அதுதான்.

உயரத்தில்தான் பலர் தவறுவார்கள். கதிரையில் இருப்பவருக்குக் கணித்துத் தட்டியை மேலே தூக்கி மாட்டுவது வழக்கம். நமது பிள்ளைகள் பாயில் இருக்கிறார்கள், அவர்களின் காது தரையிலிருந்து முக்கால் மீற்றர் உயரத்தில்தான். எனவே தட்டிகள் 40 சென்ரிமீற்றரில் தொடங்கி 1.6 மீற்றரில் முடிகின்றன. முட்டை அட்டைகளை ஒட்டினால் செலவு மிச்சம் என்று ஒரு யோசனை வந்தது. அது மேல்சுர ஒலியைச் சற்றுக் குறைக்கும், மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்து ஒலிக்கும் இடப்பக்கத் தோல்) ஒலியைத் தொடவே தொடாது, எளிதில் தீயும் பிடிக்கும். கைவிட்டோம்.

தட்டிக்கும் சுவருக்கும் இடையே 5 சென்ரிமீற்றர் வெளி விட்டிருக்கிறோம். தாழ்ந்த ஒலியை உறிஞ்ச அது உதவும், சுவரின் ஈரமும் துணியில் ஏறாது. இருந்தும் முதல் மழையில் வடக்குச் சுவரில் இரண்டு தட்டிகள் பூஞ்சணம் பிடித்தன. வெளிப்பூச்சு வெடித்துத் தண்ணீர் கசிந்ததே காரணம். வெளிச்சுவரைக் கொத்திப் பூசி, துணி மாற்றி, மூன்று வாரம் காயவிட்டுத் திரும்ப மாட்டினோம்.

இடைவெளியை அடைத்ததால் வெக்கை கூடும் என்பது முன்பே தெரிந்ததுதான். காற்றுக்காக நான்கு ஒட்டுப்பலகைக் கூடுகள் செய்து மேல்சுவரில் பதித்தோம். 1.2 மீற்றர் நீளம், உள்ளே பஞ்சு பூசிய இரண்டு வளைவுகள். காற்று வளைந்து போகும், ஒலி வளைவில் மாட்டிக்கொள்ளும். யன்னல்களை விளையாட்டுத் திடல் பக்கம் மட்டும் திறக்கிறோம். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி வரும், ஆகவே நுண்வலை அடித்திருக்கிறது.

மின்விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் போட்ட மின்னணு ரெகுலேற்றர் மின்விசிறியை உறும வைத்தது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த உறுமல் 100 ஹேர்ட்ஸிலும் 200லும் விழும். 5 கட்டையின் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) சட்சம், அதாவது ‘ஸ’, கீழ் ஸ்தாயிகளில் 98, 196 ஹேர்ட்ஸ். அதாவது நமது பிள்ளைகளில் பலர் பாடும் சுருதிக்குச் சற்றே மேலே இன்னொரு பொய்ச்சுருதி நாள் முழுதும் ஒலித்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகள் தம்மை அறியாமல் அதனோடு போய்ச் சேர்வார்கள். கெப்பாசிற்றர் வகை ரெகுலேற்றர் போட்டதும் உறுமல் நின்றது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

வாத்தியங்கள்

வீணை 7இல் 5 வாசிப்புக்குத் திரும்பியிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே நோய். 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகப் பட்டைகள்) தேன்மெழுகும் கரியும் கலந்த மெழுகில் பதிந்திருப்பவை. தேன்மெழுகு உருகுவது 62 பாகைக்கு மேலேதான் என்றாலும், 35 பாகைக்கு மேல் இளகத் தொடங்கிவிடும். கோடையில் தகரக் களஞ்சியத்தின் உள்ளே அதைவிட வெக்கை. மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்தன, பிறகு இறுகி வெடித்தன. தந்திகளை முறுக்கியபடியே சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் இரண்டில் தண்டி (வீணையின் நீண்ட கழுத்து) வளைந்துவிட்டது.

மேளம் கட்ட (மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி சேர்க்க) தெரிந்தவர் பாடசாலையிலேயே ஆறு நாள் தங்கி வேலை செய்தார், வீணை ஒன்றுக்கு ஒரு நாள் வீதம். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதியதைக் காய்ச்சி ஊற்றி, மெட்டுகளை இளஞ்சூட்டில் பதித்து, தந்தி கட்டிச் சுருதி சேர்த்த பிறகு ஒவ்வொரு மெட்டையும் காதால் நகர்த்த வேண்டும். 12ஆம் மெட்டில் மேல் சட்சமும் 7இல் பஞ்சமமும் 5இல் சுத்த மத்திமமும் நின்ற பிறகே மற்றவை. ஆறாவது நாள், முதல் நாள் கட்டிய வீணையில் நகர்ந்த மெட்டுகளைத் திருத்தப் போனது. மெழுகு ஓரிரு நாளில் சற்று அமரும், ஆகவே இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஒட்டு வீணைகள் இரண்டில் குடமும் தண்டியும் சேரும் மூட்டு ஈரத்தில் விட்டிருந்தது, அதையும் ஒட்டினோம். திருத்த முடியாத இரண்டின் பிரடைகளும் (தந்தியை முறுக்கும் ஆணிகள்) லங்கர்களும் (தந்தியின் அடிமுனையைப் பிடிக்கும் கம்பிகள்) மற்றவற்றுக்குப் போயின. மீதியுடல்கள் தரம் 6 மாணவிகளுக்கு வாத்தியத்தின் உறுப்புகளைக் காட்டப் பயன்படுகின்றன.

வயலின் 11இல் 8 தேறின. கழற்றிப் பார்த்தபோது மூன்றில் குதிரைக்குக் கீழே உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சி விழுந்து கிடந்தது. தந்தி நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் அழுத்தம் நீங்கி அது விழுந்துவிடும். ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று அலுமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வில்களின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது. பெட்டியை மாதக்கணக்கில் மூடி இருட்டில் வைத்தால் அப்படித்தான் ஆகும். பழைய பதினொன்றும் முழு அளவு. தரம் 6, 7 பிள்ளைகளின் கைக்கு எட்டாது. அதனால் முக்கால் அளவில் 4 புதிதாக வாங்கினோம்.

மிருதங்கத்தில்தான் பெண்கள் பாடசாலைகளின் பழைய பிழை வெளிப்பட்டது. இருந்த 4உம் 24 அங்குலம். ஆண் குரலின் 1, 2 கட்டைக்கு நல்லவை. பெண்பிள்ளைகள் பாடுவது பெரும்பாலும் 4½க்கும் 6க்கும் இடையில். பெரிய மிருதங்கத்தை 5 கட்டைக்கு ஏற்றினால் வலந்தலை (வலப்பக்கத் தோல்) ஒலி அடைபடும், பிறகு விளிம்பில் கிழியும். அப்படித்தான் கிழிந்துமிருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றைக் கைமாற்றிக் கொடுத்து, 22 அங்குலத்தில் 3 வாங்கினோம். தொப்பியில் அப்பிய ரவையை வாசித்து முடித்தவுடன் ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். விட்டால் தோல் அழுகும், இரவில் எலியும் கரப்பானும் வரும். மூடுவதற்குப் பருத்தி உறை மட்டும். பிளாஸ்ரிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும்.

தம்புரா இரண்டுக்கும் தந்தியும் ஜீவா நூலும் (தந்தி ரீங்கரிக்க அதன் கீழே செருகும் நூல்) புதிதாக. மின்சுருதிப் பெட்டி 4 வாங்கினோம், மின்தடை நேரத்துக்காகப் பற்றரியிலும் ஓடுபவை. எல்லாம் இப்போது வலைக்கதவு போட்ட மூன்று அலுமாரிகளில், தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கின்றன. வலைக்கதவு காற்றுக்காக, உயரம் கறையானை நேரத்தோடு காண்பதற்காக. விழாவுக்கான ஒலிபெருக்கித் தொகுதியும் திருத்தப்பட்டது.

சுருதிக் கொப்பி

ஒவ்வொரு மாணவியின் சுருதியும் தவணைக்கு ஒரு முறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதப்படுகிறது. பருவமடையும் ஆண்டுகளில் பெண் குரலும் மாறும். இரண்டு மூன்று அரைச்சுரம் தாழும், கொஞ்ச காலம் காற்றுக் கலந்து ஒலிக்கும். ஆண்பிள்ளையின் குரல் உடைவது போல எல்லோருக்கும் கேட்பதில்லை, ஆகவே யாரும் கவனிப்பதில்லை. தரம் 6இல் 6 கட்டையில் பாடியவளைத் தரம் 9இலும் அங்கேயே நிறுத்தினால் தொண்டையை இறுக்கிப் பாடப் பழகுவாள், அல்லது ‘எனக்குக் குரல் இல்லை’ என்று பாட்டையே விடுவாள். காலைத் தேவாரத்தை ஒரே சுருதியில் எல்லோரும் பாட வேண்டியிருப்பதால் அது இப்போது 4½க்கு இறக்கப்பட்டுள்ளது.

வீணை வகுப்பும் வாய்ப்பாட்டு வகுப்பும் ஏன் தனித்தனி நேரத்தில் என்ற கேள்விக்கும் இதில்தான் பதில். வீணை நன்றாகப் பேசுவது 3 கட்டையை ஒட்டி. அதை 5க்கு முறுக்கினால் சாரணி (முதல் தந்தி) அறும், 3இல் பாடச் சொன்னால் பிள்ளைகளின் மந்தர (கீழ் ஸ்தாயி) சுரங்கள் கேட்காது.

திறப்பும் நேரமும்

பழைய களஞ்சியத்தைத் தடுத்து இரண்டு சிறு பயிற்சி அறைகள் ஆக்கியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் ஒருவரோ இருவரோ இருக்கலாம். காலை 7.00 முதல் 7.25 வரை ஒன்று, பாடசாலை விட்ட பின் 1.40 முதல் 3.10 வரை அரைமணியாக மூன்று, ஆக நாளொன்றுக்கு நான்கு வேளை. இரண்டு அறைக்கும் வாரத்துக்கு 40 வேளை. ஒருவருக்கு இரண்டு வேளை என்றால் 20 மாணவிகள். வீட்டில் வாத்தியம் இல்லாதவர்களுக்கு முதலிடம், அடுத்து அந்த ஆண்டு பரீட்சை எழுதுபவர்களுக்கு. பஸ்ஸில் தூரம் போகும் பிள்ளைகளுக்கே காலை வேளை. பின்னேரம் அவர்களைத் தாமதப்படுத்தினால் அடுத்த வாரமே வீட்டில் மறித்துவிடுவார்கள். முன்பு திறப்பு ஒன்று, அது ஒரு கைப்பையில், அந்தக் கைப்பை லீவில் போனால் அறையும் லீவு. இப்போது திறப்பு மூன்று. அலுவலகத்தில் கையொப்பக் கொப்பியில் எழுதி எடுக்கலாம்.

இந்த நேரம் எதற்கு என்று பெற்றோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தரம் 6 முதல் 9 வரை அழகியல் பாடம் ஒன்று எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேலே கர்நாடக சங்கீதத்தைக் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் எடுப்பவர்களுக்கு எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கொப்பி பார்த்துப் படித்து அதில் தேற முடியாது. பாடசாலைக்கு வெளியே 1931 முதல் இயங்கும் வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருக்கின்றன. வாய்ப்பாடு, வீணை, வயலின், மிருதங்கம் என எதிலும் படிப்படியாக ஆறாம் தரமான ஆசிரியர் தரம் வரை போய்க் ‘கலாவித்தகர்’ பட்டம் பெறலாம். பட்டப்படிப்புக்கு மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடம் (முன்னைய இராமநாதன் நுண்கலைக் கழகம்) உண்டு, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. உயர் தரம் எடுத்த பின் ஓடி ஓடிச் சேர்க்கும் தகுதி அல்ல இது. தரம் 7இல் வாத்தியத்தில் கை வைத்தவளுக்கே அந்த நேரத்தில் விரல் திரும்பும்.

மேடை வாய்ப்பில் ஓர் ஓட்டை அடைபடத் தொடங்கியிருக்கிறது. வாணி விழாவானாலும் பரிசளிப்பு விழாவானாலும் பாடுபவர் நமது பிள்ளை, மிருதங்கம் மட்டும் வெளியிலிருந்து. அதுவும் நிகழ்ச்சி அன்று காலை வந்து ஒரு தடவை ஒத்திகை பார்ப்பார். பெண்பிள்ளைக்கு மிருதங்கம் எதற்கு என்று இன்றும் கேட்பவர்களுக்கு: புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மாணவி திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டின் முற்பாதியிலேயே கச்சேரி மேடையில் மிருதங்கம் வாசித்தவர். இப்போது 6 பேர் பழகுகிறார்கள். அடுத்த வாணி விழாவில் ஆதி தாளப் பாடல்களுக்கு அவர்களே வாசிப்பது, விரிவானவற்றுக்கு மட்டும் வெளியாரை அழைப்பது என்று ஆசிரியையோடு பேசி முடித்திருக்கிறோம். தவணைக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அறையிலேயே சிற்றரங்கு. ஆளுக்கு 10 நிமிடம், ஒலிபெருக்கி கிடையாது. ஒலிபெருக்கியை இயக்கத் தனியே நான்கு மாணவிகள் பழகியிருக்கிறார்கள். ஊளை எழுந்தால் சத்தத்தைக் கூட்டாமல், ஒலிவாங்கியைப் பெட்டிக்குப் பின்னே நகர்த்த வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மீதி நிற்பவை

களஞ்சியப் பக்கக் கூரை மடிப்பில் ஒழுக்கு இன்னும் முழுதாக நிற்கவில்லை. இரண்டு தடவை தார் பூசியும் வாடைக்காலச் சாரலில் சொட்டுகிறது. தகரத்தைக் கழற்றி மடிப்பை மாற்றினால்தான் தீரும். அதுவரை அதன் கீழே அலுமாரி வைக்க வேண்டாம் என்று தரையில் கோடு போட்டிருக்கிறோம். வீணைகளின் மேளத்தை ஒவ்வொரு கோடை முடிவிலும் சரிபார்க்க வேண்டும். மெழுகு 2 கிலோவும் சாரணித் தந்தி 20உம் இதற்காக அலுமாரி 3இன் மேல்தட்டில் இருக்கின்றன. தட்டித் துணி 6 மீற்றர் மிச்சமும் அங்கேதான்.

பழைய இருப்புக் கொப்பியில் பதிவான ஒரு தம்புராவும் இரண்டு வயலின்களும் கணக்கில் இல்லை. எப்போதோ பயிற்சிக்கென்று வீட்டுக்குக் கொண்டு போய்த் திரும்பாதவையாக இருக்கலாம். எவரிடமாவது இருந்தால் எந்த நிலையிலிருந்தாலும் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம், பெயர் கேட்கமாட்டோம். உடைந்த வயலினின் பிரடைகூட நமக்குத் தேவைப்படுகிறது.

திருப்பணிக் குழு
பழைய மாணவிகள் சங்கம்